காப்பு எடுத்த கதை

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. கணக்கும் இங்கிலீசும் என்னைக் கைவிட்டுவிட்டன (நான்தான் அவற்றைக் கைவிட்டேன் என்பார் எங்கள் வாத்தியார்). தமிழ் மட்டும் விடாமல் கூட வந்தது. கோயில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடித்துக் கொடுத்தே பல வருசம் குடும்பம் நடத்தியவன் நான். ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்துவிட்டால் மீதியை விரல்களே அடித்துவிடும். அப்பேர்ப்பட்டவனை மூன்றெழுத்துத் தமிழ்ச்சொல் ஒன்று, அதுவும் சாமி காரியத்தில் பிறந்ததிலிருந்து புழங்குகிற சொல், மாப்பிள்ளை முன்னாலும் மச்சான் முன்னாலும் நிற்க வைத்து மானத்தை வாங்கிவிட்டது. அந்தச் சொல் ‘காப்பு’.

கதைக்குள் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதுவும் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள்.

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் எங்கள் வீடு (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘நாடு’). மிளகும் மரவள்ளியும் கொஞ்சம், பலா மரங்கள் கொஞ்சம். மகள் பவித்ரா தவழ்ந்துகொண்டிருந்த சமயம், ராசிபுரத்தில் ஓர் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் ஒன்றை வாங்கினேன். டிவி மாதிரி முதுகு புடைத்த திரையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மலையின் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அது ஒரு பக்கம் சாய, நான் ஒரு பக்கம் சாய, வாய் மட்டும் அறப்பளீஸ்வரரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கண்டக்டர் வந்து, “ஏனுங்க, டிவிக்கு டிக்கெட் எடுக்கோணுமுங்க” என்றார்.

“டிவி இல்லீங்க. கம்ப்யூட்டருங்க.”

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “அதுக்கு என்ன ரேட்டுன்னு எனக்குத் தெரியாது. கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் சரசு (என் மனைவி) ஆரத்தித் தட்டோடு நின்றாள். புது மருமகளுக்குச் சுற்றுவதுபோல் சுற்றிப் பொட்டு வைத்துத்தான் உள்ளே விட்டாள். அன்றிலிருந்து அது இருக்கும் அறைக்குள் யாரும் செருப்புப் போட்டுப் போனதில்லை. காலையில் சுவிட்சைப் போட்டால் உள்ளே ‘டர்ர்ர்’ என்று அரைக்கும். நான் போய் சாமிக்கு விளக்கேற்றி, ஊதுபத்தி காட்டி, திருநீறு பூசிக்கொண்டு வருவேன். அதற்குள் அதுவும் கண் விழித்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொழுது விடியும். இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்கள் தொட்ட உடனே எழுந்துகொள்கின்றன. விளக்கேற்ற நேரம் கொடுப்பதில்லை.

அதோடு ஒரு சின்ன மைக்கும் வந்திருந்தது. நோட்டீஸ் அடிக்கிற வேலைக்கு மைக் எதற்கு? ஆனால் பேசினால் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்கிறது என்று தெரிந்ததும், பவித்ராவை மடியில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். அவளும் பேசுவாள். நாய்க்குட்டி பற்றி, மழை பற்றி, அம்மா அடித்தது பற்றி. விளக்கு முன்னால் தினமும் அவள் கும்பிடுகிற கும்பிடு ஒன்று உண்டு: “எல்லாத்துக்கும் நல்ல புத்தி குடு சாமி.” யாரும் சொல்லித் தந்ததில்லை, அதுவாக வந்தது. அதையும் ஒருநாள் பதிவு செய்திருந்தோம். ‘பவித்ரா’ என்று பெயர் போட்டு உள்ளே ஒரு தனி இடம் வைத்து எல்லாவற்றையும் அதில் சேர்த்தேன்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. நோட்டீஸைப் போனிலேயே அடித்துக்கொண்டார்கள். என் கடை தானாக மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் நீலத் துணி உறையைப் போர்த்திக்கொண்டு சாமி ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தது. ஆயுத பூசைக்குச் சந்தனம், பொங்கலுக்குக் காப்பு. மற்றபடி ஒரு தொந்தரவும் கிடையாது.

காப்பு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடியாகக் கட்டி, வீட்டுக் கூரையில், மாட்டுக் கொட்டகையில், காட்டில், கிணற்று மோட்டாரில் எல்லாம் செருகி வைப்போம். கெட்டது எதுவும் அண்டாது. அடுத்த பொங்கல் வரை அதை யாரும் தொடமாட்டோம். நான் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு காப்புக் கட்டுவேன். (மோட்டாருக்குக் கட்டலாம், கம்ப்யூட்டருக்குக் கட்டக்கூடாதா?)

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு தை மாதம். பவித்ராவுக்கு வளைகாப்பு. உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தி வீட்டார் பெரிய மனதோடு சொல்லிவிட்டார்கள். என்ன வேண்டும் கண்ணு, புடவையா, நகையா என்று சரசு போனில் கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: “எதுவும் வேண்டாம்மா. அந்தப் பொட்டியில என் சின்ன வயசுக் குரல் இருக்குதில்ல? நான் சாமி கும்பிடுவேனே, அத ஒருக்கா கேக்கோணும்.”

பிறந்ததிலிருந்து இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்காத பெண். சரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வவுத்துல இருக்கிற புள்ளைக்கு வளையல் சத்தம் கேக்கட்டும்னுதானுங்க வளையலே போடறோம்? அவங்கம்மா சின்னதுல பேசுன சத்தத்தையும் கேக்கட்டும். வளையல் போட்டு முடிச்சதும் மைக் செட்டுல போட்டுருவோம்.”

நீலத் துணியை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். ‘டர்ர்ர்.’ விளக்கேற்றிவிட்டு வந்தேன். விழித்திருந்தது. ‘பவித்ரா’வைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பெயரும் இல்லை. பெயர்கள் இருந்த இடத்தில் ஹார்ட்டின், டைமண்டு, கிளாவர், ஸ்பேடு என்று சீட்டுக்கட்டைக் கொட்டி வைத்ததுபோல் குறிகள். நடுவே ஒரு சிரித்த முகம் வேறு. (நான் சீட்டாடுகிறவன் இல்லை. என் மச்சான் ஆடுவார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.)

பவித்ராவின் வீட்டுக்காரர் எழிலனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து ஓடவிடுவது அவருக்கு ஒரு பிரியம். அருமையான பிள்ளை. ஒரே ஒரு பழக்கம்: கம்ப்யூட்டர் விஷயத்தில் இங்கிலீஷ் வார்த்தை வாயில் வராது. மவுசு ‘சுட்டி’, ஃபைல் ‘கோப்பு’, எல்லாமே தமிழ். பெண் பார்க்க வந்த அன்றே இதைக் கவனித்து நான் பூரித்துப்போனேன். பாதி எனக்குப் புரியாது. ஆனால் நோட்டீஸ் அடித்துப் பிழைத்தவன், தமிழ் புரியவில்லை என்று மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் போன் சிக்னல் கிடையாது. காட்டு மேட்டில், சில்வர் ஓக் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறித் திண்ணனூர் நாட்டைப் பார்த்து நின்றால் கிடைக்கும். அங்கே போய் நின்று மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா, அது கோப்பு முறைமையில வந்த பழுதுங்க. எந்தக் கோப்பு எங்க இருக்குதுன்னு அது ஒரு அட்டவணை வச்சிருக்கும். அது கெட்டுப்போச்சு. சாமான் எல்லாம் ஊட்டுக்குள்ளதான் இருக்கும். எங்க வச்சோம்னு மட்டும் மறந்துருக்கும்.”

“உங்க அத்தையாட்டங்களா?”

சிரித்தார். “ஆமாங்க. நான் வந்து பாத்துக்கறேன் மாமா. அதுவரைக்கும் தொடாதீங்க.”

அங்கேயே நான் சரி என்று இறங்கி வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. மகள் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் ஒலிக்கவேண்டும், ‘எங்கப்பாதான் சரிசெய்தார்’ என்று அவள் சொல்லவேண்டும் என்றெல்லாம் எனக்குள் ஓர் ஆசை. நானே செய்கிறேன், வழி மட்டும் சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமனாரை எப்படி மறுப்பது? பாவம், அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

“சரிங்க மாமா. நான் சொல்ற எழுத்த அப்படியே அடிச்சு ஆணை குடுங்க.”

“யாரு மேலீங்க ஆணை?”

“அய்யோ, அது சும்மா கட்டளைங்க மாமா.” அடிக்கவேண்டிய எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: “ஆனா ஒன்னுங்க. காப்பு எடுக்காம அதுல கை வைக்கவே கூடாதுங்க. மொதல்ல காப்பு எடுக்கோணும். அப்புறந்தான் ஆணை. அது ஏதாச்சும் கேள்வி கேட்டா நீங்களா பதில் சொல்லாதீங்க, எனக்குக் கூப்புடுங்க.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பெட்டியில் காப்புக் கட்டியிருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? படித்த பிள்ளை, சாஸ்திரமும் தெரிந்திருக்கிறது! காவல் இருக்கும்போது பெட்டியை அறுத்துப் பார்க்கக்கூடாது. காவலை முறையாக இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். நியாயம்தானே?

சரசுதான் தயங்கினாள். “பொங்கக் காப்ப வருசத்துக்கும் எடுக்கக்கூடாதுங்களே?”

“மாப்பிள்ளை சொல்லியிருக்கறாரு.”

“மாப்பிள்ளையே சொன்னாருங்களா?” உடனே தேங்காய் எடுக்கப் போய்விட்டாள்.

குளித்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் தேங்காய் உடைத்தேன். கற்பூரம் காட்டினேன். “ஆத்தா எட்டுக்கை அம்மா, புள்ளைக்காகத்தான் எடுக்கறேன், கோவிச்சுக்காத தாயி” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு காப்பையும் அவிழ்த்தேன். மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போன சரசுவை நல்லவேளையாகத் தடுத்துவிட்டேன். (என் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.)

மறுபடியும் பாறைக்குப் போய் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“காப்பு எடுத்தாச்சுங்களா மாமா?”

“எடுத்தாச்சுங்க மாப்பிள்ளை. பத்திரமா.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“சாமி ரூம்ல, அம்மன் படத்துக்கிட்ட.”

“ரொம்ப நல்லதுங்க. பொட்டிக்கிட்டயே வைக்காம வேற எடத்துல வைக்கறதுதான் முறை. நெறைய பேருக்கு இது தெரியறதில்லீங்க.”

“நமக்கு அதெல்லாம் பழக்கந்தானுங்க.”

“ரெண்டு காப்பா இருந்தா இன்னும் நல்லதுங்க மாமா.”

“ரெண்டுதானுங்க! பொட்டியில ஒன்னு, திரையில ஒன்னு.”

“திரையிலீங்களா...? செரி, காப்பு நல்லாருக்குதான்னு ஒருக்கா பாத்துக்கிட்டீங்களா? சில சமயம் எடுக்கும்போதே கெட்டுப்போயிருமுங்க.”

“நல்லாத்தான் இருக்குதுங்க. பூளைப்பூ மட்டும் கொஞ்சம் உதுந்துபோச்சு” என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சிக்னல் போய்விட்டது. திண்ணனூர் நாட்டுப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து பாறையை மூடிக்கொண்டிருந்தது. நான் திருப்தியாக இறங்கி வந்தேன்.

கறுப்புத் திரையில் காலண்டர் தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கம்ப்யூட்டர் அரைத்தது. பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டது. எனக்குப் புரிந்தது கடைசியில் இருந்த Y, N இரண்டும்தான். ஆமாம் என்றால் Y, இல்லை என்றால் N. மாப்பிள்ளையைக் கூப்பிடவேண்டும். ஆனால் பாறை மேட்டில் இருக்கிறது, மேகமும் கலையவில்லை.

நான் யோசித்தேன். வீட்டில் மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். உப்பு தீர்ந்தாலே ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நெறஞ்சிருக்குது’ என்று சொல்கிற வீடு. சுப காரியத்தை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று என் கையால் எப்படி அடிப்பேன்? Y அடித்தேன். இன்னொன்று கேட்டது. Y. அது என்ன கேட்டாலும் Y. வரம் கொடுக்கிற சாமிபோல் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்தது. ஆவலோடு ‘பவித்ரா’வைத் தேடினேன். ‘பவித்ரா’வே இல்லை. சீட்டுக்கட்டும் இல்லை, சிரித்த முகமும் இல்லை. வேறோர் இடத்தில் FILE என்ற எழுத்தும் ஒரு நம்பரும் போட்டு வரிசை வரிசையாக என்னவோ நின்றது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், நம்பர் மட்டும் வேறு. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை.

பின்னால் நின்ற சரசு மெதுவாகக் கேட்டாள்: “புள்ள பேரு எங்கீங்க?”

கேசட்டில் இல்லை, போட்டோவில் வருகிற விஷயம் இல்லை. அந்தக் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டி. அதை நானே Y, Y என்று அடித்து அனுப்பிவைத்துவிட்டேன். மகள் கேட்ட ஒரே ஒரு பொருள்.

சரசு என்னைத் திட்டவில்லை. சாமி ரூமுக்குப் போய் அந்த இரண்டு காப்பையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். “மறுபடியும் கட்டிருங்க. எடுத்ததுனாலதான் இப்படி ஆயிருச்சு.” (பின்னால் தெரிந்தது, அவள் சொன்னது நூற்றுக்கு நூறு தப்பு. ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைவிடத் தப்பு.) நான் கட்டவில்லை. மாப்பிள்ளை எடுக்கச் சொன்னதை அவர் கண்ணில் காட்டாமல் கட்டுவது மரியாதை இல்லை என்று பட்டது. அவர்கள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வளைகாப்பு அன்று காலையிலேயே கார் வந்துவிட்டது. பவித்ரா இறங்கினாள். வயிறும் சிரிப்புமாக. “அப்பா, சரியாயிருச்சா?” என்றாள். “உள்ள வா கண்ணு, காப்பி குடி” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

திரையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் பதறவில்லை. “பரவால்லீங்க மாமா. இதுக்குத்தான காப்பு எடுக்கச் சொன்னேன்? அந்தக் காப்பக் குடுங்க.”

சரசு ஏற்கெனவே தாம்பாளத்தோடு வாசலில் நின்றாள். வாடிப்போன இரண்டு காப்பும், அதன்மேல் குங்குமமும், பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். இன்று வளைகாப்பு, இது ஏதோ சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். பயபக்தியோடு இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கும்புட்டுக்கிட்டேனுங்க அத்தை. மாமா, நீங்க எடுத்த காப்பு?”

“இதுதானுங்க நான் எடுத்த காப்பு.”

அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாம்பாளத்தைப் பார்த்தார். திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“மாமா... காப்புன்னா, உள்ள இருக்கிறத அப்படியே இன்னொரு படி எடுத்து, தனியா வேற எடத்துல வைக்கறதுங்க. பேக்கப்புங்க மாமா! பேக்கப்!”

மாப்பிள்ளை வாயிலிருந்து நான் கேட்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை. அதைப் பேச வைத்த பெருமை என்னையே சேரும்.

“பேக்கப்புன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரியுமேங்க!” என்றேன், கிட்டத்தட்ட அழுகையோடு. நோட்டீஸ் கடையில் பிளாப்பியில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “அது கேள்வி கேட்டுச்சுங்களா? என்ன பதில் சொன்னீங்க?” என்றார்.

“எல்லாத்துக்கும் ஆமான்னுதானுங்க அடிச்சேன்.”

“ஒன்னுக்குக்கூட N அடிக்கலீங்களா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க.”

“சுப காரியத்த வச்சுக்கிட்டு எப்படீங்க இல்லைன்னு அடிக்கறது?”

அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மாமா! அது என்ன கேட்டுருக்கும் தெரியுங்களா? ‘பேர் தொலைஞ்சு அனாதையாக் கெடக்கற துண்டு நெறைய இருக்குது, கோப்பா மாத்தி வச்சுக்கட்டுமா’ன்னு கேட்டுருக்கும். ஆமான்னா நம்பர் போட்டு வச்சுக்கும். இல்லைன்னு அடிச்சிருந்தீங்கன்னா கூட்டித் தள்ளியிருக்கும். பேருதானுங்க போயிருக்குது. ஆள் இருக்கறாங்க.”

சரசு தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மன் படம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த வட்டைக் கழற்றினார் (ஹார்ட் டிஸ்க்குக்கு அவருடைய தமிழ்). தன் லேப்டாப்பில் மாட்டி, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முதலில் ஒரு படி எடுத்தார். “பாருங்க மாமா. இதுதான் காப்பு” என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கைகட்டி நின்று பார்த்தேன். பிறகு அந்த நம்பர்களுக்குப் பின்னால் என்னவோ மாற்றி எழுதினார். ஒன்றைத் திறந்தார். ‘திருக்கல்யாண வைபவம்’ என்று என் பழைய நோட்டீஸ். இன்னொன்றைத் திறந்தார். யாருடைய காதுகுத்தோ. இன்னொன்று. ஒலித்தது.

‘ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...’ என் குரல். வாலிபக் குரல்.

அதற்குள் வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. பந்தல் நிறைய உறவுக்காரர்கள். முன்வரிசையில் தாய்மாமன் சீரோடு என் மச்சான் சின்னுசாமி, சரசுவின் அண்ணன், வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். சேந்தமங்கலத்திலிருந்து வளையல்கள் அவர் கொண்டுவந்தவைதான். வளையல் போட்டு முடித்தார்கள். செட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அண்ணா, குரல் ரெடிங்களா?” என்றார்.

மாப்பிள்ளை இன்னொன்றைத் தட்டினார். சின்னக் குழந்தை ஒன்று கலகலவென்று சிரித்தது. “இதுதான்! இதேதான்!” என்று கத்தினேன்.

“முழுசாக் கேட்டுட்டு...” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

“கேக்க என்ன இருக்குதுங்க, என்ற புள்ள சிரிப்பு எனக்குத் தெரியாதா?” லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானே போய் செட்டில் கொடுத்தேன். செட்டுக்காரர் ஒயரைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். குழாய் ஸ்பீக்கர் இரண்டும் பலா மரத்தின் உச்சியில் கட்டியிருந்தது. ஒன்று பந்தலைப் பார்த்து, ஒன்று திண்ணனூர் நாட்டைப் பார்த்து.

குழந்தை சிரித்தது. பவித்ரா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடுத்து என் குரல் வந்தது.

‘ஏம்புள்ள, உங்கண்ணன் இந்த வாரமும் வாரானாமா? பலாப்பழம் பழுத்தா வாசம் சேந்தமங்கலம் வரைக்கும் அடிக்குமாட்ட இருக்குது. பழம் இல்லாத மாசத்துல தங்கச்சி ஞாபகம் வராதா அவனுக்கு?’

சரசுவின் குரல்: ‘எங்கண்ணன் என்ன உங்க மரத்தையா வேரோட புடுங்கிட்டுப் போறாரு?’

‘வேர்ப்பலா காய்ச்சா அதையும் பண்ணுவான். வந்த காலோட போவானா? வாசல்ல உக்காந்து சீட்டுக் கட்டப் பிரிச்சுருவான்.’

நான் செட்டை நோக்கி ஓடினேன். வேட்டி தடுக்கி, சீர்த்தட்டுகளுக்கு நடுவில் போய் விழுந்தேன். ஒரு தட்டுக் கல்கண்டு என்மேல். எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்றும் எனக்குத் தெரியாது. “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்கிறேன். “நிறுத்தாதீங்க!” என்று பவித்ரா அங்கிருந்து கத்தினாள். அப்போது அந்தக் குரல் வந்தது. மழலைக் குரல். மரத்து உச்சியிலிருந்து, மலை முழுக்க.

‘அப்பா, மாமாவத் திட்டாத.’

‘திட்டல கண்ணு. பேசிட்டிருக்கறேன்.’

‘சாமி! எல்லாத்துக்கும் நல்ல புத்தி குடு சாமி. அப்பாவுக்கு மொதல்ல குடு. மாமாவுக்குப் பெரிய பழமாக் குடு.’

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

நாங்கள் இத்தனை வருசமாக ஞாபகம் வைத்திருந்தது முதல் வரியை மட்டும்தான். மீதி இரண்டு வரியைப் பெட்டி பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். நான் கல்கண்டுக்குள் கிடந்தபடியே அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பவித்ராவிடம் போய் அவள் தலையில் கை வைத்தார். கண் நிறைந்திருந்தது அவருக்கு.

“சாமி... அந்த வருசத்துலருந்து எனக்குப் பழம் பெருசு பெருசாத்தான் கெடைச்சுது கண்ணு. இப்பத்தான தெரியுது, நீ சொல்லி வச்சதுன்னு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கப்பாவுக்குக் கேட்டதுதான் இன்னும் வந்து சேரலையாட்ட இருக்குது.”

பந்தல் வெடித்தது. பவித்ரா சிரித்த சிரிப்பில் இரண்டு கை வளையலும் குலுங்கின. சரசு கேட்டது அதுதானே? வயிற்றில் இருந்தவன் அம்மாவின் சின்னக் குரலையும் கேட்டான், பெரிய சிரிப்பையும் கேட்டான், வளையலையும் கேட்டான். மச்சான் வந்து கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். அவர் காலில் விழலாமா என்று நினைத்தேன். ஏற்கெனவே விழுந்துதான் கிடந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எந்த வேலையைத் தொடங்கினாலும், “காப்பு எடுத்தாச்சா?” என்று ஒருவர் கேட்பார். “மாப்பிள்ளை காப்பா, மாமா காப்பா?” என்று இன்னொருவர் கேட்பார். அடுத்த மலைக்காரர்கள்கூடச் செம்மேட்டுக் கடைவீதியில் பார்த்தால், “ஏனுங்க, மச்சான் வந்த காலோட போயிட்டாருங்களா?” என்று விசாரிக்கிறார்கள். (எல்லாம் அந்த இரண்டாவது ஸ்பீக்கர் செய்த வேலை.) மச்சான் பலா சீசனில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, “வாசம் அடிச்சுது, வந்தேன்” என்பார். நல்ல பழமாகப் பார்த்து, பெரியதாக, நானே இறக்கிக் கொடுக்கிறேன்.

கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. குரல்கள் எல்லாம் கோயம்புத்தூரில் ஒரு படி, சேந்தமங்கலத்தில் மச்சான் வீட்டில் ஒரு படி, எங்கள் சாமி ரூமில் ஒரு படி. போன பொங்கலுக்கு மாப்பிள்ளை தன் வட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, “மாமா, இதுக்கும் ஒரு காப்புக் கட்டிருங்க. ரெண்டு முறையும் இருக்கட்டும்” என்றார். பூளைப்பூ உதிராமல் பார்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

பேரன் இப்போது நன்றாகப் பேசுகிறான், என்னை ‘அப்புச்சி’ என்று கூப்பிடுகிறான். லீவுக்கு வந்தால் விளக்கேற்றும்போது என் பக்கத்தில் வந்து நின்று கைகூப்புவான். எல்லாத்துக்கும் நல்ல புத்தி குடு சாமி என்பான். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வான்:

“அப்புச்சிக்கு மொதல்ல குடு.”